கண்டம் ஜீப்பும் நாலு மீட்டர் வண்டியும்

"நாளைக்குக் காலையில வர்றோம். அதுக்கு முன்னாடி வண்டிய ஸ்டார்ட் பண்ணி வச்சுராதீங்க."

பழைய வண்டி பார்க்கப் போகிற மெக்கானிக் முதல் நாள் இரவே விற்பவரிடம் சொல்லிவிடுகிற வார்த்தை இது. மறுநாள் போனதும் அவர் சாவியைக் கேட்க மாட்டார். பானட்டின் மேல் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்தால் பாதி முடிவு அங்கேயே வந்துவிடும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஏதோ ஒரு சத்தம் வருகிறது, அதை அமுக்கத்தான் விடியற்காலையிலேயே யாரோ ஓடவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பேகம்பூருக்கு இப்படித் தொட்டுப் பார்த்து வாங்குகிற பழக்கம் புதிதல்ல. திண்டுக்கல் மலைக்கோட்டைக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் இந்தப் பகுதிக்குப் பெயர் வந்தது ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகத்தால். அவருடைய அடக்கத்தலம் இங்குள்ள பெரிய பள்ளிவாசலில் இருக்கிறது. 1755இல் மைசூர் அரசு ஹைதரைத் திண்டுக்கல்லுக்குப் பவுஜ்தாராக, அதாவது படை அதிகாரியாக, அனுப்பியது. பிற்பாடு மைசூரையே கையில் எடுத்துக்கொண்ட மனிதர், தனக்கென்று ஒரு படையைச் சேர்க்கப் பழகிய இடம் இது. அவருடைய பலம் குதிரைப்படை. குதிரை வாங்குகிறவன் பல்லைப் பார்த்து வயதைக் கணிப்பான், குளம்பைத் தூக்கிப் பார்ப்பான், சுழி பார்ப்பான், நடக்கவிட்டுப் பின்னால் நின்று கால் வீச்சைக் கவனிப்பான். 1790இல் கோட்டை கம்பெனியார் வசம் போனது. குதிரைப்படையும் அதோடு போயிற்று.

அதே கண் மாட்டுத் தாவணியிலும் உண்டு. தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்குகிற மாட்டைப் பார்க்காமல் விட்டால் வீட்டில் ஏச்சு விழும். விலை பேசுவது துண்டுக்குள். தரகரும் வாங்குபவரும் கையைத் துணிக்குள் கோத்துக்கொண்டு விரல்களாலேயே ஆயிரத்தையும் நூறையும் சொல்லிக்கொள்வார்கள். சுற்றி நிற்கிற இருபது பேருக்கும் ஒன்றும் தெரியாது. இன்றைக்கு கார் புரோக்கர் ஓரமாக ஒதுங்கி, போனைக் கையால் பொத்திக்கொண்டு பேசுகிறாரே, அந்தக் கையும் ஒரு துண்டுதான்.

மோட்டார் வந்த கதையில் இந்தப் பக்கத்துக்கு ஒரு சொந்தம் உண்டு. மதுரையிலிருந்து டி.வி.சுந்தரம் ஐயங்கார் நடத்திய பேருந்துகள் தென் மாவட்டங்களின் சாலைகளைப் பழக்கிவைத்தன. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் ரேஷன் ஆனபோது வண்டியின் பின்னால் கரிவாயுக் கலத்தைப் பொருத்தி ஓட்டியவர்கள் அவர்கள். அவருடைய மகள் டி.எஸ்.சௌந்தரம், கணவர் ஜி.ராமச்சந்திரனோடு சேர்ந்து 1947இல் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார். பேருந்து முதலாளியின் மகள் ராட்டையோடு வந்து இறங்கிய ஊர் திண்டுக்கல் சமவெளி.

ஆனால் இந்த மண்ணுக்கு ஏற்ற வண்டி பேருந்தும் அல்ல, காரும் அல்ல. அது போரிலிருந்து வந்தது.

1941 முதல் 1945 வரை வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்து தள்ளின. போர் முடிந்ததும் அவை உபரி. 1945 அக்டோபர் 2ஆம் தேதி லூதியானாவில் 'மஹிந்திரா அண்ட் முகமது' என்று இரும்பு வியாபாரத்துக்காக ஒரு கம்பெனி தொடங்கியது. பிரிவினையில் பங்குதாரர் குலாம் முகமது பாகிஸ்தானுக்குப் போய் அந்நாட்டின் முதல் நிதியமைச்சர் ஆனார். 1948இல் பெயர்ப்பலகையில் இரண்டு பக்கமும் மஹிந்திரா. நாற்பதுகளின் கடைசியில் அவர்கள் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டி விற்க ஆரம்பித்தார்கள்.

சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய பழைய வண்டி ஏமாற்றமும் அதே காலத்தில்தான் நடந்தது. ஏமாந்தது இந்திய அரசு. 1948இல் காஷ்மீர் போருக்காக அவசரமாக ஜீப்புகள் தேவைப்பட்டன. லண்டனில் இந்தியத் தூதராக இருந்த வி.கே.கிருஷ்ண மேனன், புதுப்பிக்கப்பட்ட 2,000 பழைய ஜீப்புகளுக்கு அங்கே ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார். மதிப்பு சுமார் 80 லட்சம் ரூபாய். விற்ற நிறுவனத்துக்குப் பெரிய முதலோ பெயரோ இல்லை. பணத்தின் பெரும்பகுதி முன்னாலேயே போய்விட்டது. வண்டிகளை முழுதாகச் சோதிக்கும் நிபந்தனையும் தளர்த்தப்பட்டிருந்தது. வந்து இறங்கியவை 155. அவையும் ஓடும் நிலையில் இல்லை. அனந்தசயனம் அய்யங்கார் தலைமையில் விசாரணை, நாடாளுமன்றத்தில் கூச்சல் எல்லாம் நடந்து, 1955 செப்டம்பர் 30ஆம் தேதி விவகாரம் முடிந்துவிட்டதாக அரசு அறிவித்தது. அடுத்த வருஷம் மேனன் மத்திய அமைச்சர். அரசியலை விட்டுத் தள்ளினாலும், பார்க்காமல் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் இந்தியாவில் கிடையாது.

மஹிந்திரா ஜீப் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் சாமானியர் வாங்கிய வண்டி அல்ல. அது சர்க்கார் வண்டி. போலீஸ், வனத்துறை, பொதுப்பணித் துறை, ஊராட்சி ஒன்றியம். கிராமத்துப் பிள்ளைகள் "பி.டி.ஓ. ஜீப்பு வருது" என்று பின்னால் ஓடியது அந்தக் காலம். சர்க்காரில் பத்துப் பன்னிரண்டு வருஷம் உழைத்த ஜீப்பைக் கழித்துக்கட்டி, மைதானத்தில் நிறுத்தி ஏலம் விடுவார்கள். மெக்கானிக்குகளின் பேச்சில் அதற்குப் பெயர் 'கண்டம் வண்டி'. தோட்டக்காரர்களும் ஒர்க்‌ஷாப் முதலாளிகளும் வருவார்கள். பேட்டரி இருக்காது, டயர் மொட்டையாக இருக்கும், சீட்டில் பஞ்சு வெளியே தெரியும். பார்ப்பவர்கள் அதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்ளவே மாட்டார்கள். கீழே படுத்துச் சேஸிஸைத் தட்டிப் பார்ப்பார்கள். சத்தம் 'ணங்' என்று வந்தால் இரும்பு நிற்கிறது. 'பொத்' என்று வந்தால் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போவார்கள்.

இப்படி ஒரு வண்டியை யார் வாங்குவார்கள் என்றால், பதில் மலையில் இருக்கிறது. திண்டுக்கல்லுக்குப் பக்கத்திலேயே சிறுமலை. சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். மலைத்தோட்டங்களிலிருந்து வாழைத்தாரும் எலுமிச்சையும் பலாவும் குதிரை முதுகில்தான் சாலைக்கு வந்தன, இன்றும் வருகின்றன. மேற்கே தாண்டிக்குடி, பண்ணைக்காடு காப்பித் தோட்டங்கள். குதிரைப் பாதைக்கும் லாரிச் சாலைக்கும் நடுவே உள்ள மண்தடத்தில் ஏறக்கூடியது நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி ஒன்றுதான். அண்டை மாவட்டமான தேனியில் இந்த வியாபாரம் இன்னும் பெரிது. விடியலில் ஏலக்காய்த் தோட்டக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக இடுக்கிக்குப் போகிற ஜீப்புகளை எண்ணிப் பார்த்தவர்களுக்கு, ஒரு ஜீப் எத்தனை பேரைச் சுமக்கும் என்ற கேள்விக்குக் கம்பெனி சொன்ன விடை சிரிப்பைத் தரும்.

பெட்ரோல் ஜீப் குடிக்கும். எழுபதுகளில் எண்ணெய் விலை ஏறியபோது, பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜின் ஏற்றுவது ஒரு தனித் தொழிலே ஆயிற்று. மஹிந்திராவும் டிராக்டர் இன்ஜினைப் போட்டுப் பார்த்து, பிறகு எண்பதுகளில் பெஜோ டீசலுக்கு மாறியது. ஒரே ஜீப்பில் ஒருவரின் சேஸிஸ், இன்னொருவரின் இன்ஜின், மூன்றாமவரின் கியர் பாக்ஸ் இருக்கும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள இன்ஜின் எண்ணும் பானட்டுக்குள் உள்ள எண்ணும் பேசிக்கொள்ளாத வண்டிகள் அந்தக் காலத்து மிச்சம். இன்றும் மெக்கானிக் முதலில் அந்த எண்ணைத் துடைத்துப் படிப்பது அதனால்தான்.

கார்களின் நிலைமை வேறு மாதிரி இருந்தது. அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலத்தில், கைமாறிய கார் சில சமயம் புதுக்காரைவிடக் கூடுதல் விலைக்குப் போனது. பழசுக்கு மவுசு அதன் தரத்தால் வரவில்லை, பஞ்சத்தால் வந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்து அந்தப் பஞ்சத்தை உடைத்தது. 1985இல் வந்த ஜிப்சி, 970 சி.சி. பெட்ரோல் இன்ஜினோடு, சின்ன ஜீப் என்ற எண்ணத்தை முதலில் காட்டிய வண்டி. அதையும் போலீசும் ராணுவமும்தான் அதிகம் வாங்கின. 1991இல் டாடா சியரா. பின்சீட்டுக்கு ஏறக் கதவே இல்லாத மூன்று கதவு வண்டியைக் கூட்டுக்குடும்பங்கள் உள்ள நாட்டில் விற்கப் பார்த்தார்கள். 1994இல் டாடா சுமோ. டாடா மோட்டார்ஸை வளர்த்த சுமந்த் மூல்காவ்கரின் பெயரிலிருந்து வந்த 'சுமோ', கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் தமிழ் சினிமா வில்லனுக்கும் ஒருசேர உழைத்தது. 2000இல் பொலேரோ வந்தது. கண்டம் ஜீப் வாங்கிப் பழகிய கைகளுக்கு அதன் பானட்டைத் திறந்ததும் எல்லாம் தெரிந்த முகமாக இருந்தது. அதன் வெற்றியின் ரகசியமும் அதுதான்.

பிறகு நடந்தது விசித்திரம். இந்தியாவின் சின்ன எஸ்.யூ.வி.க்கு வரையறை தந்தது எந்தப் பொறியாளரும் அல்ல, ஒரு பட்ஜெட் உரை.

2006 பிப்ரவரியில் நிதியமைச்சர் ப.சிதம்பரம், சின்னக் கார்களின் உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். சின்னக் கார் என்றால் என்ன? நீளம் நாலு மீட்டருக்கு மேல் போகக் கூடாது. பெட்ரோல் என்றால் 1,200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1,500 சி.சி.க்குள். எட்டு சதவீதம் என்பது விற்பனை விலையில் கணிசமான தொகை. உலகில் வேறெங்கும் பொருளில்லாத 'நாலு மீட்டர்' என்ற கோடு இந்தியாவில் வடிவமைப்பின் விதியாகிவிட்டது. பின்பக்கம் வெட்டுப்பட்ட கார்கள் சாலையில் தோன்றின. 2013இல் அதே சிதம்பரம், நாலு மீட்டரைத் தாண்டி, 1,500 சி.சி.யைத் தாண்டி, தரையிலிருந்து 170 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உயரமுள்ள வண்டிகளுக்கு வரியை 27இலிருந்து 30 சதவீதமாக்கினார். உயரமாக இருக்கலாம், ஆனால் நீளமாக இருக்கக் கூடாது. குள்ளமான ஜீப்புக்கு அரசாங்கமே பெண் பார்த்துக் கொடுத்த மாதிரி ஆயிற்று.

அந்த 2013 ஜூனில்தான் மறைமலை நகரில் செய்த ஃபோர்டு எகோஸ்போர்ட் 5.59 லட்சம் ரூபாய் தொடக்க விலையில் வந்தது. நீளம் 3,999 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் மிச்சம்! அதற்கு முந்தைய ஆண்டு ஒரகடத்தில் பிறந்த ரெனோ டஸ்டர் நாலு மீட்டரைத் தாண்டியது, ஆனால் குண்டும் குழியுமான சாலைகளில் அதன் சஸ்பென்ஷனுக்கு வேறு வண்டி இணை இல்லை என்று ஓட்டியவர்கள் இன்றும் சொல்வார்கள். 2016 மார்ச்சில் மாருதி விடாரா பிரெஸ்ஸா. அதே ஆண்டு பொலேரோவே நாலு மீட்டருக்குள் சுருங்கி, இன்ஜினும் 1,493 சி.சி.யாகி 'பவர் பிளஸ்' ஆனது. பதினாறு வருஷம் ஓடிய வண்டி வரிக்காக உடம்பைக் குறைத்துக்கொண்டது. 2017இல் டாடா நெக்ஸான். 2018 டிசம்பரில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் இந்தியத் தயாரிப்பு. 2019இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் வென்யூ. ஆக, இன்று ஐந்தாறு லட்சத்தோடு பழைய சின்ன எஸ்.யூ.வி. தேடுகிற பேகம்பூர்க்காரர் முன்னால் நிற்கிற வண்டிகளில் பல தமிழ்நாட்டுப் பிறப்பு.

அவரோடு போகிற மெக்கானிக் பாய் கேட்கிற முதல் கேள்வி மைலேஜ் பற்றியது அல்ல.

"சாமான் எங்க கிடைக்கும்?"

கண்டம் ஜீப் காலத்திலிருந்து மாறாத கேள்வி. பிரெஸ்ஸா டீசலில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1,248 சி.சி. மல்டிஜெட். அதே இன்ஜின் ஸ்விஃப்டில் இருந்தது, டிசையரில் இருந்தது, டாடா விஸ்டாவில்கூட இருந்தது. டாக்ஸி ஸ்டாண்டில் நிற்கிற பாதி வண்டிகளின் வயிற்றில் இருந்த இன்ஜின். அதைப் பிரிக்கத் தெரியாத மெக்கானிக் வத்தலக்குண்டிலும் இல்லை, நத்தத்திலும் இல்லை. டைமிங்குக்குப் பெல்ட் இல்லை, செயின். டஸ்டர் டீசலுக்கு டைமிங் பெல்ட். அதை மாற்றிய பில் விற்பவர் கையில் இல்லையென்றால் மாற்றுகிற செலவை விலையிலேயே கழித்துவிட வேண்டும், ஏனென்றால் பெல்ட் அறுந்தால் இன்ஜின் தலையும் சேர்ந்து போகும். எகோஸ்போர்ட் நல்ல வண்டி, கெட்டியான உடம்பு. ஆனால் 2021 செப்டம்பரில் இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. அடுத்த ஆண்டு மறைமலை நகர் ஆலை ஓய்ந்தது. சர்வீசும் உதிரிபாகமும் தொடரும் என்று கம்பெனி சொன்னாலும், சந்தை அதைக் கேட்கவில்லை, விலை இறங்கியது. மதுரைக்கோ கோவைக்கோ அலையத் தயாராக இருப்பவருக்கு அது லாபம். அலைய முடியாதவர் அந்த லாபத்தைப் பேருந்துக் கட்டணமாகக் கொடுத்து முடிப்பார். 2009இல் வந்த பிரீமியர் ரியோவை யாராவது மலிவாகத் தருகிறார்கள் என்றால், பாய் டீயைக்கூட முடிக்காமல் எழுந்துவிடுவார்.

2020 ஏப்ரல் 1ஆம் தேதி இன்னொரு கோடு விழுந்தது: பாரத் ஸ்டேஜ் 6. மாருதி டீசலையே கைவிட்டது. கைவிடாத கம்பெனிகளின் டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைத்து எரிக்கும் வடிகட்டி வந்தது. அது எரிய வண்டி கொஞ்ச நேரம் வேகமாக, நிற்காமல் ஓட வேண்டும். தினமும் பள்ளிக்கூடத்துக்கும் மார்க்கெட்டுக்கும் மூன்று கிலோமீட்டர் போய்வருகிறவருக்கு அந்த டீசல் தலைவலி. அவருக்குப் பெட்ரோல் போதும். வாரம் இரண்டு தடவை ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்குப் போகிறவருக்கு டீசல் கட்டும்.

வண்டியைப் பார்க்கிற முறை தாவணியில் பார்த்தது போலத்தான். பாய் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, உள்ளங்கையால் மறைப்பார். மூச்சு குபுகுபுவென்று கையைத் தள்ளினால் 'பேக் கம்ப்ரெஷன்', பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. கதவு ரப்பரைக் கொஞ்சம் பிடுங்கி உள்ளே ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளைத் தடவுவார். கம்பெனி போட்ட புள்ளி வரிசையாக, குழிவாக இருக்கும். டிங்கர் கடையில் போட்டது புண் ஆறிய தழும்பு மாதிரி இருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுப்பார். 2015 டிசம்பர் மழையில் சென்னையில் மூழ்கிய கார்களுக்குப் பிறகு பல பேர் கற்றுக்கொண்ட வேலை இது. இன்சூரன்ஸ் கம்பெனிகள் முழுச் சேதம் என்று எழுதித் தள்ளிய வண்டிகள் ஏலத்தில் போய், கழுவித் துடைத்து மறுபடி சந்தைக்கு வரும். சீட்டைக் கழுவுகிறவன், சுருளுக்குள் இருக்கும் பெல்ட்டின் கடைசி முழத்தைக் கழுவ மறந்துவிடுகிறான். அங்கே சேற்றுக்கோடு நிற்கும்.

வண்டியைவிட அதிகம் கெட்டுப்போவது காகிதம். மோட்டார் வாகனச் சட்டப்படி மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளில் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளில் பெயர் மாற்ற வேண்டும். படிவம் 29, படிவம் 30. கடன் இருந்த வண்டி என்றால் படிவம் 35. இதைச் செய்யாமல் சாவியை மட்டும் மாற்றிக்கொள்கிற வழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பல கை மாறிய ஒரு காரின் விபத்து வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர், இழப்பீடும் அவர் பொறுப்பு என்று சொல்லிவிட்டது. விற்றுப் பல வருஷம் ஆனவர் வீட்டுக்கு நோட்டீஸ் வருவது இப்படித்தான். பதிவு 15 வருஷத்துக்குத்தான். அதன்பின் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் காருக்கான அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து ஒரே தாவில் 5,000 ஆனது. பதின்மூன்று வருஷ வண்டியை மலிவு என்று வாங்குகிறவர் இதையும் கணக்கில் போட வேண்டும்.

கண்டம் வண்டியின் கதையும் ஒரு தேதியோடு முடிந்துபோனது. 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருஷம் தாண்டிய அரசு வாகனங்களின் பதிவை ரத்து செய்து, உடைத்து இரும்பாக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. வயதான சர்க்கார் ஜீப்பை ஏலத்தில் எடுத்து மலையில் இன்னும் இருபது வருஷம் ஓட்டிய பரம்பரைக்கு இனி மைதானம் இல்லை. அந்த இடத்தில் இன்று நிற்பது யாரோ ஒரு ஐ.டி. ஊழியர் பெங்களூரில் ஐந்து வருஷம் ஓட்டிவிட்டுக் கொடுத்த வெள்ளை பிரெஸ்ஸா.

அப்படி ஒரு வண்டியைப் பார்த்துவிட்டு எழுந்தார் பாய். மீட்டர் 41,000 என்றது. விற்பவர் "சிங்கிள் ஓனர், ஒரிஜினல் டயரு" என்று இரண்டு தடவை சொல்லியிருந்தார். பாய் முன்டயர் பக்கம் குந்தி, ரப்பரில் அச்சிட்ட நாலு இலக்கத்தைச் சுண்டுவிரலால் துடைத்துப் படித்தார்: 3120. இருபதாம் வருஷம், முப்பத்தொன்றாவது வாரத்தில் செய்த டயர். வண்டி 2017 மாடல்.

"ஒரிஜினல்னீங்களே அண்ணே, வண்டி பொறந்து மூணு வருஷம் கழிச்சுல்ல டயர் பொறந்திருக்கு?"

மூன்று வருஷத்தில் ஒரு செட் டயர் தேய்ந்திருந்தால், மீட்டர் சொல்வதைவிட அதிகமாக வண்டி ஓடியிருக்கிறது. விற்பவர் தம்பியைப் பார்த்தார், தம்பி போனைப் பார்த்தான். பாய் பின்கதவைத் திறந்து, கம்பளத்தைத் தூக்கி, ஸ்டெப்னியின் எண்ணையும் படித்துவிட்டு, சர்வீஸ் புத்தகம் எங்கே என்று கேட்டார்.